கிழட்டுத் தவளையின் பதினோரு நிமிடங்கள்

அத்தியாயம் 5

"வாடிக்கையாளர் படியேறி வர்ற சத்தம் கேட்டா முதல்ல ரொட்டியை மேஜையிலேர்ந்து எடு. அப்புறம் கதவைத் திற" என்று என் முதலாளி, துப்பறியும் லியோனி பார்பெஸா எனக்கு ஆறு வருடமாகச் சொல்லி வருகிறார். அன்று நான் வரிசையை மாற்றிவிட்டேன். கதவைத் திறந்தபோது எங்கள் ஊர்த் திராட்சை ரொட்டியான தாயோலில் பாதி என் வாயில் இருந்தது. மீதிப் பாதி லியோனியின் கோப்புகள் மீது திராட்சை உதிர்த்துக்கொண்டிருந்தது.

வந்தவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். விரல் நுனிகளில் செம்புக் கறை.

"மணி ஒண்ணரை ஆகுது, மதாம். அஞ்சு மணிக்குள்ள கிழட்டுத் தவளை யாருன்னு கண்டுபிடிச்சுத் தரணும்."

"குளத்துப் பக்கம் தேடிப் பார்த்தீங்களா?" என்றேன் ரொட்டிக்கு நடுவிலிருந்து.

"ரெமி" என்றார் லியோனி. அவர் என் பெயரைச் சொல்வதில் பதினேழு வகை உண்டு. இது, வாயை மூடு வகை.

பெண்ணின் பெயர் சில்வெட் குயா. கடிகாரத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் பற்சக்கரம் பொருத்தியவள். ஒன்றரை வருடம் முன்பு அந்த வேலையை விட்டுவிட்டு அப்சிந்த் என்ற மூலிகைச் சாராயம் வடிக்கத் தொடங்கியிருந்தாள். எங்கள் த்ராவேர் பள்ளத்தாக்கில் இது ஒன்றும் அதிசயமில்லை. அதற்கு வேண்டிய மாசிபத்திரிச் செடியை வேலியோரம் வைக்காத வீடு இங்கே கிடையாது. நிறமில்லாத அப்சிந்த்தை நாங்கள் நீலி என்போம். அரசாங்கம் தடை போட்டிருந்த காலத்திலும் நீலி வடிந்துகொண்டுதான் இருந்தாள். தடை போன பிறகு போட்டி வைத்துப் பரிசும் கொடுக்கிறார்கள். இந்த ஊரில் பிறந்து அதன் சோம்பு வாசனை பிடிக்காதவன் நான் ஒருவன்தான். அதை நான் வெளியே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

"பச்சைக் கரண்டிச் சங்கத்தோட போட்டி இன்னைக்கு" என்றாள் சில்வெட். "சங்கத்துக்கு ஒரு செம்புக் கொப்பரை இருக்கு. போட்டிப் பட்டியல்ல பேர் இருக்கிறவங்களுக்குத்தான் அடுத்த வருஷம் அதுல வடிக்க முறை கொடுப்பாங்க. எனக்குச் சொந்தக் கொப்பரை கிடையாது. பேரை அடிச்சுட்டா நான் திரும்பப் பற்சக்கரத்துக்கிட்ட போக வேண்டியதுதான். அங்கேயும் என் நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்தாச்சு."

"பேரை ஏன் அடிக்கணும்?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். சங்கத்தின் இணையப் பலகையில் உறுப்பினர்கள் புனைபெயரில் ருசிக் குறிப்பு எழுதுவார்கள். இது நேற்று வந்தது.

*சி.கு. நீலி. நீ.வெ. 7. சொ. 11 நி. ச. 0. மு.மே. ஆம்! மூ: அ.பூ., அ.பூ., மறுபடி அ.பூ. நா: மரத்தது. எ.க. — கிழட்டுத் தவளை.*

"தந்தி ஆபீஸ்ல வேலை பார்த்த தவளை போல" என்றேன்.

"இவங்க எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. ஒரு கையில கிளாஸ் இருக்கும்ல" என்றார் லியோனி. "சி.கு. நீங்க. சில்வெட் குயா. மத்ததைச் சொல்லுங்க."

சில்வெட் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். நீர் வெப்பம் ஏழு பாகை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டது பதினோரு நிமிடம். சர்க்கரை இல்லை. மூ. மூக்கு, நா. நாக்கு. மு.மே. என்றால் முன்மேகம்.

"தண்ணி விழுந்ததும் அப்சிந்த் பால் மாதிரி மெல்லக் கலங்கணும். அதுதான் மேகம். அதுக்காகத்தான் உயிரை விடுறோம். தண்ணி விடுறதுக்கு முன்னாடியே கலங்கியிருந்தா அது முன்மேகம். அப்படி இருந்தா சரக்குல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

"அ.பூ.?"

"அன்னாசிப்பூ." அந்தச் சொல்லை அவள் கெட்ட வார்த்தை போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நம்ம ஊர்ல யாரும் போட மாட்டாங்க. சோம்புக்குப் பதிலா மலிவா வாசனை வேணும்னா போடுறது. கடைசியில இருக்கு பாருங்க, எ.க. எண்ணெய்க் கலவை. அதாவது நான் வடிக்கவே இல்ல, கடையில வாசனை எண்ணெய் வாங்கிச் சாராயத்துல கலக்கி வச்சிருக்கேன்னு சொல்றார். சங்கத்து விதிப்படி எ.க.ன்னு குறிப்பு வந்தா பேர் நீங்கும். எழுதினவர் தானா திரும்ப வாங்கினாத்தான் உண்டு. அஞ்சு மணிக்குப் பட்டியல் படிப்பாங்க."

"யார் மேல சந்தேகம்?"

"ஆரிஸ்ட் பொபிலியே" என்றாள் உடனே. "போன வருஷம் ஜெயிச்சவர். என்னைப் பார்த்தாலே மூக்கை உறிஞ்சுவார்."

*

ஆரிஸ்ட் பொபிலியேயின் கடை இரண்டு தெரு தள்ளி. அவர் எங்களைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சினார். எல்லோரையும் பார்த்து உறிஞ்சுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் திட்டணும்னா முகத்துக்கு நேரா திட்டுவேன்" என்றார். "தவளை வேஷம் எதுக்குய்யா எனக்கு? சில்வெட்டு! உன் போன வருஷச் சரக்கு தண்ணி. நேர்லயே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. கல்யாண வீட்டுல, மைக்குல சொன்னீங்க."

"பின்னே!"

லியோனி அவரோடு பேசவே இல்லை. கடையின் மூலையில் ஆரிஸ்ட் தனக்காக ஊற்றி வைத்திருந்த கிளாஸைப் பார்த்தார். அதன் மேல் ஓட்டைக் கரண்டி, கரண்டி மேல் சர்க்கரைக் கட்டி. ஒன்று அல்ல, மூன்று.

"நீலிக்கு மூணு கட்டி போடுறவர் 'ச. 0'ன்னு எழுத மாட்டார்" என்றார் வெளியே வந்ததும்.

"மூணு போட்டா அது மது இல்ல மதாம், மிட்டாய்."

"ரெமி, நீ இதுல வாயைத் திறக்கிறதுக்கு உனக்குத் தகுதியே கிடையாது." பிறகு சில்வெட்டிடம் திரும்பினார். "தண்ணியோட வெப்பத்தை எண் போட்டு யார் எழுதுவாங்க?"

சில்வெட் நடைபாதையில் நின்றுவிட்டாள். "நாங்க எல்லாம் 'குளிர்'னு எழுதிட்டு விட்டுடுவோம். வெப்பமானி வச்சிருக்கிறவங்க..." அவள் முகம் வெளிறியது. "நடுவர்கள் மட்டும்தான். நாலு பேர். ஆனா போட்டிக்கு முன்னாடி போட்டியாளரோட சரக்கை நடுவர் தொடவே கூடாதே! தொட்டா பதவி போயிடும்."

"அதனாலதான் தவளை தோலைப் போர்த்திக்கிட்டார். சரி, நீங்க இந்த வருஷம் எத்தனை புட்டி வடிச்சீங்க?"

"நாற்பது. நாற்பதும் அரக்கு முத்திரையோட சங்கத்துப் பெட்டியில இருக்கு. காலையில எண்ணிப் பார்த்தேன். ஒண்ணுகூடக் குறையல."

"அப்போ தவளை எதைக் குடிச்சுது?" என்றேன். இந்தக் கேள்வி என்னிடமிருந்து வந்ததை லியோனி கொஞ்சம் ஆச்சரியத்தோடு கவனித்தார்.

"எனக்கும் அதுதான் புரியல."

லியோனி தாளை மறுபடி பார்த்தார். "ஏழு. வீட்டுல ஐஸ் போட்டா ரெண்டு, மூணு இருக்கும். குழாயில பிடிச்சா பன்னெண்டு. கோடையிலயும் குளிர்லயும் மாறாம ஏழுல நிக்கிற தண்ணி இந்தப் பக்கம் எங்கே இருக்கு?"

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. சில்வெட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மோத்தியே கிராமத்துக்கு மேலே, காட்டு ஊத்து! மதாம், நான் ஒரு புட்டி அங்கே வச்சேன். மூணு வாரத்துக்கு முன்னாடி."

"அதைச் சொல்லவே இல்லையே?"

"அது... ஊத்துக்குக் கொடுத்தது. அதைப் போய் யாராவது எண்ணுவாங்களா?"

அவள் சொன்னது நியாயம்தான். காட்டு ஊற்றில் புட்டி வைப்பது இங்கே வழக்கம். யார் வடித்தாலும் முதல் புட்டியைக் கயிற்றில் கட்டி ஊற்றுத் தொட்டியில் இறக்கிவிடுவார்கள். நடந்து வருகிறவர்கள் ஒரு வாய் ஊற்றி, ஊற்று நீர் கலந்து குடித்துவிட்டு, மறுபடி இறக்கிவிட்டுப் போவார்கள். குறைந்தால் வைத்தவரே வந்து நிரப்புவார். வேறு யாரும் அதில் எதுவும் சேர்க்க மாட்டார்கள். பூட்டும் கிடையாது, காவலும் கிடையாது. ஒருவர் கணக்கிலும் அந்தப் புட்டி வராது.

நான் அந்த நேரத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

*

காட்டுக்குள் மரங்களுக்கிடையே விழுந்த வெளிச்சம் ஊற்று நீரின் மேல் அசைந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் நின்றால் எனக்கு உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள் என்று தோன்றும். அன்று என்னைத் தவிர எல்லோரும் என்று தோன்றியது.

கல்தொட்டியின் குழாய் இணைப்பில் ஒரு கசிவு. அதிலிருந்து சொட்டு, ஒரு மூச்சு விட்டு அடுத்த சொட்டு. அதன் நேர் கீழே யாரோ ஒரு தட்டைக் கல்லை வைத்து, ஆடாமலிருக்க அடியில் சிறு கற்களை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கல்லில் கிளாஸின் அடித்தடம் வட்டமாக வெளுத்திருந்தது.

"பதினோரு நிமிஷம்" என்றார் லியோனி. "தவளை இங்கேதான் உட்கார்ந்திருக்கு."

சில்வெட் கயிற்றை இழுத்தாள். பச்சைக் கண்ணாடிப் புட்டி சொட்டச் சொட்ட மேலே வந்தது. கழுத்தில் தகரச் சீட்டு: சி.கு.

"இதை எப்போ நிரப்பினீங்க?"

"வச்சதோட சரி. அப்புறம் வரவே நேரமில்ல."

"மூணு வாரம். அதுல மூணு ஞாயித்துக்கிழமை. எத்தனை பேர் நடந்திருப்பாங்க!" லியோனி புட்டியை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கினார். மது கழுத்துக்குச் சற்றுக் கீழேதான் நின்றது. "குடிக்கக் குடிக்க நிறையுற புட்டி. அதிசயமா இருக்கு, இல்ல ரெமி?"

"ம்."

"'ம்'மா?"

"அதிசயம்தான் மதாம்."

அவர் கார்க்கைத் திறந்து முகர்ந்தார். சில்வெட்டிடம் நீட்டினார். சில்வெட் முகர்ந்ததும் புட்டியைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தாள், அது கடித்துவிடும் போல.

"இது என்னோடது இல்ல! அன்னாசிப்பூ! தவளை எழுதினது சரிதான்!"

லியோனி உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படாமலே அது கலங்கல் வெள்ளையாக இருந்தது. "வேற ஏதோ சரக்கைக் கலந்திருக்காங்க. அது இந்தக் குளிர்ல தானா கலங்கியிருக்கு. சில்வெட், தவளை பொய் எழுதல. ஆனா அது குடிச்சது உங்க நீலியையும் இல்ல."

"யார் கலந்தது?"

லியோனி என்னைப் பார்க்காமல் தொட்டியருகே கிடந்த வாளியில் ஊற்று நீரை மொண்டு, குளிர் போகாதபடி புட்டியை அதில் அமுக்கினார். "மணி நாலு. முதல்ல தவளை. கலந்தவர் எங்கேயும் ஓடிட மாட்டார். அவருக்கு வண்டி ஓட்டுற வேலை இருக்கு."

வண்டியை ஓட்டியது நான்.

*

மோத்தியேயின் சங்கக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். நீள மேஜைக்குப் பின்னால் நடுவர்கள் நால்வர். நடுவில் தலைவர் நூமா ஜாக்கியே. எழுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற மருந்துக் கடைக்காரர். மார்புப் பையில் பேனாவைப் போல வெப்பமானி. பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலி அவருடையது.

"விதி விதிதான் மதாம் பார்பெஸா" என்றார் வருத்தத்தோடு. "எழுதினவர் திரும்ப வாங்கணும். இல்லன்னா அஞ்சு மணிக்கு அந்தப் பேர் இல்லாம படிப்பேன்."

"நீங்க படிங்க முசியே. அதுக்கு முன்னாடி நாலு நடுவரும் எனக்காக ஒரு கிளாஸ் பார்க்கணும். குடிக்க வேண்டாம். பார்த்தாப் போதும்."

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு வாளிப் புட்டியிலிருந்து நான்கு கிளாஸில் ஊற்றினார். ஒவ்வொன்றையும் துவாலையில் சுற்றி அவர்கள் முன் வைத்தார். நான்கு குழாய் உள்ள கண்ணாடி நீர்ச்சாடியை நடுவில் நகர்த்தினார். நான்கு குழாயையும் திறந்துவிட்டு, துவாலைகளை உருவினார்.

அப்சிந்த் பிரியர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் சொட்டு விழுந்ததும் உடம்பு தானாக வளையும். கண்ணைக் கிளாஸின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மேகம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். இதைத் தும்மலைப் போல அடக்க முடியாது. மூன்று நடுவர்கள் ஒன்றாகக் குனிந்தார்கள். ஒன்றாகக் கத்தினார்கள்.

"முன்மேகம்!"

"சொட்டு விழுறதுக்கு முன்னாடியே கலங்கியிருக்கே!"

நூமா ஜாக்கியே குனியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, சாடியைத் தாண்டி, சில்வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முசியே ஜாக்கியே, நீங்க ஏன் பார்க்கல?" என்றார் லியோனி மென்மையாக.

"என்ன... பார்க்கணும்?"

"பத்தொன்பது வருஷமா நீங்க குனியாத கிளாஸ் உண்டா? இதுல பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஏன்னா இதை நீங்க பார்த்தாச்சு. ஊத்துக்கிட்ட, தட்டைக் கல்லு மேல, பதினோரு நிமிஷம்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். நூமாவின் காதுகள் சிவந்தன. தலையசைத்தார்.

"நடந்து போறவன் ஊத்துல ஒரு வாய் குடிக்கிறது ருசி பார்க்கிறதாகாதுன்னு நினைச்சேன். குடிச்சதும்..." அவர் குரல் உயர்ந்தது. "மதாம், என் நாக்கு பொய் சொல்லல. அது அன்னாசிப்பூ! சங்கத்தை ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சும் நான் சும்மா இருக்கணுமா?"

"நாக்கு பொய் சொல்லல. புட்டிதான் சொல்லிச்சு. யாராவது அதுல வேற எதையாவது ஊத்தியிருப்பாங்கன்னு தோணலையா?"

"ஊத்துப் புட்டியிலயா?" அவர் உண்மையாகவே திடுக்கிட்டார். "சர்ச்சு உண்டியல்ல கல்லு போட்டிருப்பாங்களான்னு கேட்கிறீங்க. இந்தப் பள்ளத்தாக்குல பிறந்த எவனும் அதைச் செய்ய மாட்டான்!"

மற்றவர்களும் ஆமோதித்து முணுமுணுத்தார்கள். லியோனி திரும்பினார்.

"ரெமி."

இது பதினேழு வகையிலும் சேராத பதினெட்டாவது வகை.

நான் எழுந்து நின்றேன். நாற்பது தலைகள் திரும்பின.

"நான் இந்தப் பள்ளத்தாக்குல பிறந்தவன்தான்" என்றேன். "பத்து நாளைக்கு முன்னாடி ஒரு வழக்குக்காக ஒரு ஆள் பின்னாடி காட்டுக்குப் போனேன். அவர் காளான் பறிச்சார், வேற ஒண்ணும் பண்ணல. திரும்பும்போது ஊத்துல முகம் கழுவினேன். கயிறு கையில சிக்கிச்சு. புட்டி கவிழ்ந்து கார்க் கழண்டு பாதிக்கு மேல என் பூட்ஸ்ல கொட்டிடுச்சு. அவமானமா இருந்தது. பையில ஒரு புட்டி இருந்தது. நியூஷட்டெல்ல கிரேக்க ஓட்டல்காரர் ஒருத்தரோட அக்கார்டியனைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தோம். அதுக்கு நன்றியா கொடுத்தார். ஊசோ, அவங்க ஊர்ல அன்னாசிப்பூவும் போட்டு வடிக்கிற சாராயம். அதுக்கும் நிறம் இல்ல, இதுக்கும் நிறம் இல்ல. அதுலயும் சோம்பு நாத்தம், இதுலயும் சோம்பு நாத்தம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்... அதனால நிரப்பிட்டேன்."

"சோம்பு *நாத்தமா*?" என்றது ஒரு பெண் குரல்.

"ஊசோவா!" என்றது இன்னொன்று. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். ஆரிஸ்ட் பொபிலியே பின் வரிசையிலிருந்து எழுந்து, நேரில் திட்டும் தன் கொள்கைப்படி, நான் இங்கே எழுத முடியாத மூன்று வாக்கியங்கள் சொன்னார். சில்வெட் மட்டும் திட்டவில்லை. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று நான் பயந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும்னு கேட்க மாட்டியா?" என்றார் லியோனி என் காதருகில்.

"எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷத்துல முதல் தடவையா ஊத்துக்கிட்ட கால் மணி நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தே."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு நான்கு நிமிடம். நூமா ஜாக்கியே அதைப் பார்த்தார், பிறகு தன் நாற்காலியின் கைப்பிடியை. குறிப்பைத் திரும்ப வாங்கினால் அவர் பெயர் வெளியே வரும். பெயர் வந்தால் நாற்காலி போகும்.

"முத்திரை வச்ச புட்டி ஒண்ணு கொண்டு வாங்க" என்றார். "இந்தப் பையன் சொல்றது உண்மையான்னு என் கண்ணால பார்க்கணும்."

சில்வெட் புட்டியை நீட்ட, அரக்கை ஆரிஸ்ட் உடைத்தார். கிளாஸில் விழுந்தது கண்ணாடியைப் போலத் தெளிவாக இருந்தது. நூமா வெப்பமானியை விட்டுப் பார்த்தார். குழாயைத் திருகினார். முதல் சொட்டு விழுந்தது.

இந்த முறை அவர் குனிந்தார். கூடமே குனிந்தது. நானும்கூட, எப்படியென்று தெரியாமல்.

சொட்டு. சொட்டு. ஒன்றுமில்லை. மூன்று நிமிடம்.

"முசியே, பதினோரு நிமிஷம் இல்ல" என்றார் லியோனி. "ஒண்ணுதான் இருக்கு."

கிளாஸின் அடியில், ஒரு நூல் பிரிவது போல, ஏதோ வெளுப்பாக அசைந்தது. அது மேலே ஏறவில்லை. எண்ணெய் வழிவது போலத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, ஓரங்களில் மட்டும் நீலம் காட்டி, மறுபடி கரைந்தது. அவ்வளவுதான். நூமாவின் மூச்சு ஒரு கணம் நின்றதை நான் கேட்டேன்.

அவர் செயலாளரின் கணினியைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு விரல்களால் தட்டினார். பின்னாலிருந்த திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. இந்தச் சங்கத்தில் இதுவரை யாரும் எழுதாத வகைக் குறிப்பு அது. ஒரு சொல்லும் சுருக்கப்படவில்லை.

*சில்வெட் குயா வடித்த நீலி அசல். நான் குடித்தது அது அல்ல. நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். குடிக்கக் கூடாத நேரத்தில் குடித்தவன், இந்தச் சங்கத்தின் தலைவனாக இருந்த நூமா ஜாக்கியே.*

தேவாலய மணி ஐந்து அடிக்கத் தொடங்கியது. செயலாளர் பட்டியலைக் கையிலெடுத்தார். சில்வெட்டின் பெயர் அதில் ஏழாவதாக இருந்தது. அதைப் படித்ததும் கூட்டம் கைதட்டி அவளைச் சூழ்ந்துகொண்டபோது யாரோ மேஜையைத் தட்டினார்கள்.

நூமாதான். தன் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு சாதாரண ஸ்டூலை மேஜையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, கிளாஸுக்கு எதிரே மறுபடி குனிந்திருந்தார்.

"சத்தம் போடாதீங்கய்யா" என்றார் தலையைத் தூக்காமலே. "எனக்கு இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி இருக்கு."